இருவர் முதுகு, ஒரு கட்டில்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) புதிய நகரைக் கட்டத் தொடங்கியது 1973-ல். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும், கல்யாணமான கையோடு அங்கே மூவறை, நாலறை வீடுகளில் குடியேறியவர்களில் பலர் இன்று எழுபதைத் தொட்டுவிட்டார்கள். கணவருக்கு இடுப்புக்கு மேலே பிடித்துக்கொள்கிறது. மனைவிக்குக் காலையில் கட்டிலை விட்டு எழுந்து நிமிரவே நேரம் பிடிக்கிறது. தனியாகப் போன பிள்ளைகள் வார இறுதியில் வந்து பார்த்துவிட்டு, “புது மெத்தை வாங்கித் தருகிறோம்” என்கிறார்கள். கடைக்குப் போனால் சில நூறு வெள்ளியிலிருந்து பல ஆயிரம் வெள்ளிவரை விலைச்சீட்டு தொங்குகிறது. ஒவ்வொரு மெத்தையும் முதுகுவலிக்காகவே செய்யப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

உலகம் முழுவதும் 2020-ல் ஏறக்குறைய 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. இத்தனை பேரும் இரவில் எதன்மேலோ படுக்கிறார்கள். அந்தப் படுக்கைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பை முறையாகச் சோதித்த ஆய்வுகளோ வியக்கும் அளவுக்குக் குறைவு. இருக்கும் சான்றுகளை எடைபோட்டு, அவற்றை ஒரு வீவக வீட்டுப் படுக்கையறைக்குள் வைத்துப் பார்த்தால் நான் வந்து சேரும் இடம் இது: வலியுள்ள தம்பதி இருவருக்கும் பொதுவான ஒரு மெத்தையைத் தேடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கட்டில் ஒன்றாக இருக்கட்டும், மெத்தை ஆளுக்கொன்றாக இருக்கட்டும்.

முதலில் கட்டாந்தரையைப் பற்றிப் பேசிவிடலாம். நம் வீடுகளில் முதுகுவலி என்று சொன்னதும் கிடைக்கும் முதல் அறிவுரை, “மெத்தையைத் தூக்கிப் போடு, தரையில் பாய் விரித்துப் படு” என்பதுதான். பாட்டிகள் மட்டும் சொன்னதில்லை இது. போன நூற்றாண்டில் மேலை நாட்டு எலும்பு மருத்துவர்களும் கடினமான படுக்கையைத்தான் பரிந்துரைத்தார்கள், மெத்தைக்கு அடியில் பலகை வைக்கச் சொன்னார்கள். குழிவிழுந்த பழைய மெத்தையில் படுத்து அவதிப்பட்டவருக்குத் தரை உண்மையிலேயே நிம்மதி தந்திருக்கும். அந்த அனுபவம் பொய்யில்லை. ஆனால் குழியை விடத் தரை மேல் என்பதிலிருந்து, எல்லாவற்றையும் விடத் தரைதான் மேல் என்ற முடிவுக்குத் தாவ முடியாது.

அந்தத் தாவலை உடைத்தது 2003 நவம்பரில் லான்செட் இதழில் வெளியான ஸ்பெயின் ஆய்வு. பிரான்சிஸ்கோ கோவாக்ஸ் தலைமையிலான குழு, நெடுநாள் கீழ்முதுகு வலியுள்ள 313 பேரைத் தேர்ந்தெடுத்தது. படுத்திருக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் வலிக்கிறது என்றவர்கள் அவர்கள். குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்குக் கடினமான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் கொடுத்தார்கள். தனக்குக் கிடைத்தது எது என்று நோயாளிக்கும் தெரியாது, வலியை மதிப்பிட்டவருக்கும் தெரியாது. 90 நாளுக்குப் பிறகு இரு பிரிவினருக்கும் வலி குறைந்திருந்தது. நடுத்தர மெத்தைக்காரர்களுக்குப் படுக்கையில் வரும் வலி, எழும்போது வரும் வலி, அன்றாட வேலைகளில் ஏற்படும் முடக்கம் மூன்றிலும் முன்னேற்றம் கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது.

இந்த ஆய்வை விற்பனையாளர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள் என்பதால் அதிலுள்ள ஒரு நுணுக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அவர்கள் பயன்படுத்திய ஐரோப்பிய அளவுகோலில் 1 என்றால் மிகக் கடினம், 10 என்றால் மிக மென்மை. கடின மெத்தைக்கு 2.3, நடுத்தர மெத்தைக்கு 5.6. கடைகளிலும் இணையத்திலும் காட்டப்படும் அளவுகோல்களில் பெரும்பாலானவை தலைகீழாக ஓடும். அங்கே 10 என்பதுதான் கடினம். அது போதாதென்று, ஒரு நிறுவனத்தின் 6 இன்னொரு நிறுவனத்தின் 6 ஆகாது. எண்ணைப் பார்த்து மெத்தை வாங்க முடியாது.

2008-ல் டென்மார்க்கில் இன்னொரு சோதனை வெளியானது. முதுகுவலியுள்ள 160 பேருக்கு நீர்ப்படுக்கை, உடலின் வடிவுக்கு அமுங்கிக் கொடுக்கும் ஃபோம் மெத்தை, கடினமான ஃபியூட்டான் மெத்தை ஆகிய மூன்றில் ஒன்று ஒரு மாதத்துக்குக் கொடுக்கப்பட்டது. நீரும் ஃபோமும் கடின மெத்தையை முந்தின, ஆனால் சிறிய இடைவெளியில்தான். கடின மெத்தை கிடைத்தவர்களில் கூடுதலானோர் பாதியிலேயே விலகிக்கொண்டார்கள். 2015-ல் 24 சோதனைகளை ஒன்றாக அலசிய மதிப்பாய்வு ஒன்றும் நடுத்தரக் கடினத்தையும், படுப்பவரே தன் விருப்பத்துக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வசதியையும்தான் பரிந்துரைத்தது. கடினம்தான் மருந்து என்ற நம்பிக்கைக்கு ஆதரவாக எதுவும் வரவில்லை.

ஆக, மருத்துவ இலக்கியம் உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான்: தரை போலக் கடினமாகவும் வேண்டாம், உள்ளே அமிழ்ந்துபோகும் மென்மையும் வேண்டாம். எந்த நிறுவனம், எந்தப் பொருள், எத்தனை சென்டிமீட்டர் தடிமன் என்பதற்கெல்லாம் நம்பத்தக்க பதில் இல்லை. “ஆர்த்தோபீடிக்” என்று முத்திரை குத்துவதற்கு மருத்துவ உலகம் வகுத்த அளவுகோல் எதுவும் கிடையாது. அந்த முத்திரைக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நடுத்தரம் ஏன் வேலை செய்கிறது என்பதை உடலின் பக்கமிருந்து பார்த்தால் புரியும். ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் அகன்று நிற்கின்றன, நடுவில் இடை உள்வாங்கியிருக்கிறது. மெத்தை கல்லாக இருந்தால் தோளும் இடுப்பும் மட்டும் எடையைத் தாங்க, இடை அந்தரத்தில் வளைந்து தொங்கும். மெத்தை இளகியிருந்தால் உடம்பிலேயே கனமான பகுதியான இடுப்பு ஆழமாக இறங்கி, முதுகுத்தண்டு தொட்டில் போல வளையும். இரண்டுக்கும் நடுவே, தோளும் இடுப்பும் வேண்டிய அளவு இறங்கி இடைக்கும் கீழிருந்து தாங்கல் கிடைக்கிற நிலையைத்தான் தேடுகிறோம்.

இரவில் முதுகுத்தண்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 1999-ல் ஜெர்மனியில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கேயும் சகாக்களும் ஆரோக்கியமான ஒரு தன்னார்வலரின் கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுக்குள் அழுத்தமானியைச் செருகி, நாள் முழுவதும் அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம், மல்லாந்து படுத்ததும் 0.1-க்கு இறங்கியது. பகலில் பிழிந்தெடுக்கப்பட்ட நீரை வட்டு இரவில் மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. ஏழு மணி நேரம் கழித்து, படுத்த நிலையிலேயே, அழுத்தம் 0.24 ஆகியிருந்தது. காலையில் நாம் சற்று உயரமாக இருப்பதற்கும், எழுந்ததும் முதுகு விறைப்பாக இருப்பதற்கும் இதில் பங்குண்டு. எழும்போது வரும் விறைப்பு முழுவதையும் மெத்தையின் தலையில் கட்டிவிடக் கூடாது. மிக நல்ல மெத்தையிலும் அது கொஞ்சம் இருக்கும்.

இனி இருவர் விஷயம். மேலே சொன்ன சோதனைகளில் கணக்கெடுக்கப்பட்டதெல்லாம் ஒரு நோயாளியின் வலி. பக்கத்தில் படுத்திருந்தவரைப் பற்றி அவை பேசவில்லை. ஆனால் ‘நடுத்தரம்’ என்பது மெத்தைக்குள் மட்டும் இருக்கும் குணமில்லை. அது மெத்தைக்கும் உடல் எடைக்கும் நடுவே உண்டாகும் உறவு. 85 கிலோ எடையுள்ள கணவருக்குச் சரியாக அமுங்குகிற மெத்தை, 50 கிலோ மனைவிக்குப் பலகையாக இருக்கும். மனைவியின் தோளும் இடுப்பும் இறங்கும் அளவுக்கு இளகிய மெத்தையில் கணவர் குழிக்குள் கிடப்பார். ஒருவர் மல்லாந்தும் மற்றவர் ஒருக்களித்தும் படுப்பவர்களானால் வேறுபாடு இன்னும் கூடும். கடையில் இருவரும் ஒரே மெத்தையில் படுத்துப் பார்த்து “பரவாயில்லை” என்று ஒத்துக்கொள்ளும் அந்தச் சமரசத்தில், பெரும்பாலும் இருவருக்குமே சரியானது கிடைப்பதில்லை. நம் குடும்பங்களில் இதில் விட்டுக்கொடுப்பவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவருடைய முதுகும் முதுகுதான்.

ஒரே மெத்தையில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. கனமானவர் படுத்த பக்கம் தாழ, மற்றவர் இரவெல்லாம் அந்தச் சரிவில் உருளாமல் இருக்கத் தன்னையறியாமல் உடம்பை இறுக்கிக்கொள்வார். அடுத்தது அசைவு. வலியுள்ளவர் அடிக்கடி புரள்வார், கழிவறைக்கு எழுவார். ஒவ்வொரு அசைவும் மற்றவரை உலுக்கும். தூக்கம் கெட்டால் வலி கூடும் என்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. வலியால் தூக்கம் கெடுவதைவிட, தூக்கக் கேட்டால் வலி கூடுகிற போக்குதான் வலுவானது என்றும் சில மதிப்பாய்வுகள் சொல்கின்றன. ஒருவரின் வலி இருவரின் வலியாவது இப்படித்தான். தனித்தனிப் பைகளுக்குள் சுருள் வைத்துத் தைத்த பாக்கெட் ஸ்பிரிங் மெத்தைகளிலும் லேடெக்ஸ், ஃபோம் வகைகளிலும் அசைவு கடத்தப்படுவது குறையும். ஒன்றோடொன்று பின்னிய பழைய வகைச் சுருள்களில் அது கூடுதலாகத் தெரியும்.

இங்கேதான் சிங்கப்பூரின் மெத்தை அளவுகள் நமக்குக் கைகொடுக்கின்றன. இங்கு விற்கப்படும் சிங்கிள் மெத்தையின் அகலம் சுமார் 91 சென்டிமீட்டர், கிங் சைஸின் அகலம் சுமார் 183. நீளம் இரண்டுக்கும் ஏறக்குறைய 190. இரண்டு சிங்கிள் மெத்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒரு கிங் சைஸ் கட்டிலில் கச்சிதமாக உட்காரும், கிங் சைஸ் விரிப்பும் பொருந்தும். கணவருக்குக் கடினம் கூடியது, மனைவிக்கு மென்மை கூடியது என்று ஆளுக்கொன்று எடுக்கலாம். தடிமன் மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் விழும் கோட்டை மறைக்க மேலே ஒரு மெல்லிய டாப்பர் (மேல்மெத்தை) போதும். அது தடித்துவிட்டால் இரண்டு மெத்தைகளின் வேறுபாட்டையே விழுங்கிவிடும். நழுவி விலகாமலிருக்க இரண்டையும் சுற்றி ஒரு பட்டையால் கட்டிவிடலாம். ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ஒரே கட்டிலில் இரண்டு மெத்தை என்பது சாதாரணமான வழக்கம். “இந்த வயதில் தனித்தனியாகவா?” என்று சிலர் சங்கடப்படுவார்கள். பாய் விரித்துப் படுத்த காலத்தில் நம் தாத்தா பாட்டிக்கு ஆளுக்கொரு பாய்தானே இருந்தது? யாரும் அதைப் பிரிவாக நினைக்கவில்லை.

பழைய புளோக்குகளில் இதனால் இன்னொரு வசதியும் உண்டு. அந்தக் காலத்தில் கட்டப்பட்ட பல புளோக்குகளில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்றது. மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் மாடிதோறும் நிற்கத் தொடங்கியது. சிறிய மின்தூக்கிக்குள்ளும் குறுகிய தாழ்வாரத் திருப்பங்களிலும் மடங்காத கிங் சைஸ் ஸ்பிரிங் மெத்தையைக் கொண்டுபோவது பெரும்பாடு. சிங்கிள் மெத்தை எளிதாக உள்ளே போகும். பிற்பாடு ஒன்று குழிவிழுந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் எல்லா அறையும் கிங் சைஸைத் தாங்காது. மூன்று மீட்டர் அகல அறையில் ஒரு பக்கம் அலமாரி வைத்துவிட்டால், கட்டிலைச் சுவரோடு ஒட்டித்தான் போட வேண்டியிருக்கும். உள்பக்கம் படுப்பவர் எழ வேண்டுமானால் உட்கார்ந்த நிலையில் கால்மாட்டுவரை நகர்ந்து வர வேண்டும், அல்லது துணையைத் தாண்டி இறங்க வேண்டும். வலியுள்ள கீழ்முதுகுக்கு அதைவிடக் கெடுதலான வேலையைக் கற்பனை செய்வது கடினம். சுவரோரம் விரிப்பைச் செருகுவதும் அதே கதைதான். இருவருக்கும் வலி என்றால் கட்டிலின் இரு பக்கமும் கால் வைத்து நிற்க இடம் வேண்டும். அதற்காக அலமாரியை அடுத்த அறைக்கு மாற்றினாலும் தகும். பிள்ளைகள் போன பிறகு அந்த அறை பெரும்பாலும் பெட்டிகள் அடுக்கத்தானே பயன்படுகிறது? மாற்றவே முடியாத இடத்தில் 152 சென்டிமீட்டர் குயீன் சைஸை வைத்துக்கொண்டு, அசைவைக் கடத்தாத நடுத்தர மெத்தையை எடுப்பதே நல்லது. அப்போது எந்த உடலுக்கு முன்னுரிமை என்றால், வலி கூடுதலாக உள்ளவருக்கு என்பேன். மற்றவருக்கு அவர் படுக்கும் பக்கத்தில் மட்டும் ஒற்றை அளவு டாப்பர் போட்டுச் சரிசெய்யலாம்.

பொருள்களைப் பற்றி எழுதினால் முடிவே இருக்காது. இந்த ஊரின் தட்பவெப்பத்துக்கு எது பொருந்தும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இலவம்பஞ்சு மெத்தை காற்றோட்டமானது, ஆனால் கட்டிபட்டுப் போகும். அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்டி உதறி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சை அடிக்க வேண்டும். மொட்டைமாடி இல்லாத அடுக்குமாடி வீட்டில் அது நடக்காது. சீ ஹார்ஸ் போன்ற கெட்டியான ஃபோம் மெத்தைகள் இங்கு பல வீடுகளில் தலைமுறையாகப் பழக்கமானவை. எடை குறைவு, மடித்து வைக்கலாம். கடினத்துக்குப் பழகிய பெரியவர்கள் அதையே திரும்பக் கேட்பார்கள். மெலிந்த உடலுக்கு அது மிகக் கடினம் என்று தோன்றினால் மேலே ஐந்து சென்டிமீட்டர் லேடெக்ஸ் டாப்பர் போட்டுப் பார்ப்பது செலவு குறைந்த வழி.

லேடெக்ஸ் பற்றி எழுதும்போது அதன் வரலாற்றைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ரப்பர்ச் செடிகள் 1877-ல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. அங்கே இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். பிறகு மலாயா முழுவதும் பரவிய தோட்டங்களில் விடியுமுன் குனிந்து நிமிர்ந்து பால் வெட்டியவர்களில் பெரும்பங்கினர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். 1929-ல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனம் அந்தப் பாலை நுரைக்க வைத்து ஃபோமாக்கக் கற்றுக்கொண்டது. இன்றைய லேடெக்ஸ் மெத்தையின் தொடக்கம் அதுதான். முதுகு ஒடிய உழைத்த அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் அந்த மெத்தையில் படுத்திருப்பார்கள்?

லேடெக்ஸ் நன்றாக மீண்டெழும், பல ஆண்டு உழைக்கும். அதன் குறை எடை. கன மீட்டருக்கு 75 கிலோ அடர்த்தி என்று வைத்துக்கொண்டால், 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள குயீன் சைஸ் லேடெக்ஸ் மெத்தை 43 கிலோ கனக்கும். விரிப்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் அதன் மூலையைக் குனிந்து தூக்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவருக்கே முதுகுவலி என்றால், இரண்டு சிங்கிள் மெத்தை என்ற யோசனைக்கு இதுவும் ஒரு காரணமாகிறது.

மெமரி ஃபோமில் ஒரு பொறி இருக்கிறது. அது வெப்பத்தில் இளகும், குளிரில் இறுகும் பொருள். நாசாவின் ஏம்ஸ் மையத்துக்காக 1966-ல் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய நுரைதான் இதன் மூதாதை. குளிரூட்டிய காட்சியறையில் படுத்துப் பார்க்கும்போது திண்மையாகத் தாங்கும் மெத்தை, இரவில் ஏர்கான் போடாமல் மின்விசிறி மட்டும் ஓடும் வீட்டில் இளகிக் கொடுக்கும். சிங்கப்பூரில் இரவிலும் வெப்பநிலை 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது, வீட்டுக்குள் இன்னும் கூடுதலாக இருக்கும். ஏர்கான் போட்டே உறங்கும் பிள்ளைகளுக்குப் பிடித்த மெத்தை, காற்றாடியில் உறங்கும் பெற்றோருக்கு வேறு மெத்தையாகிவிடும். பெற்றோர் படுத்துப் பார்க்காமல் பரிசாக வாங்கி அனுப்ப வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்வதற்கு இதுவும் காரணம்.

ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் எண்பது விழுக்காட்டுக்கு மேல். மெத்தையை நேரே தரையில் போட்டால் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும், தூசிப் பூச்சி பெருகும். இடைவெளி விட்டு அடித்த பலகைச் சட்டக் கட்டில் காற்றை உள்ளே விடும். சட்டங்களுக்கு இடையே இடைவெளி அதிகமானால் ஃபோமும் லேடெக்ஸும் அங்கே தொங்கும், அதையும் பார்க்க வேண்டும். இட நெருக்கடியால் பலர் அடியில் சாமான் வைக்கும் கட்டிலை வாங்குகிறார்கள். மெத்தையோடு சேர்த்து மேலே தூக்கும் வகையை முதுகுவலிக்காரர் வீட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டிலின் உயரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரிய கட்டில்மேல் முப்பது சென்டிமீட்டர் மெத்தை ஏறினால், உயரம் குறைந்த அம்மாக்களுக்குக் கால் தரையில் எட்டாது. இறங்கும்போது குதிக்க வேண்டியிருக்கும். தரையோடு தாழ்ந்திருந்தால் எழுவதே போராட்டம். விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிந்து, தொடை தரைக்குக் கிடையாகவோ இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்தோ இருக்க வேண்டும். கணவன் மனைவி உயரத்தில் பெரிய வேறுபாடு இருந்தால், உயரம் குறைந்தவருக்கு ஏற்ற கட்டிலே பாதுகாப்பானது.

புதிது வாங்குமுன் செலவில்லாமல் சில சோதனைகள் செய்யலாம். இப்போதைய மெத்தையின் விரிப்பை எடுத்துவிட்டு ஒரு நீளக்கோலைக் குறுக்கே வைத்தால் குழி எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சராசரியாக 9.5 ஆண்டு பழைய படுக்கைகளில் உறங்கிய 59 பேருக்குப் புதிய படுக்கை கொடுத்துப் பார்த்தபோது, நான்கு வாரத்தில் முதுகு அசௌகரியம் குறைந்து தூக்கம் மேம்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிரிவு அதில் இல்லை என்பதால், புதிது என்ற மகிழ்ச்சியின் பங்கையும் கழித்துத்தான் அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் தேய்ந்த மெத்தையை மாற்றுவதில் பொருள் இருக்கிறது. வேறொரு வீட்டிலோ விடுதியிலோ உறங்கும்போது வலி தெளிவாகக் குறைகிறதா என்று கவனித்தால், குற்றம் மெத்தையுடையதா என்பதற்கு நல்ல தடயம் கிடைக்கும். எங்கே உறங்கினாலும் வலி ஒரேபோல் இருந்தால், ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்குமுன் நின்று யோசிக்க வேண்டும். தலையணைகளும் உதவும். ஒருக்களித்துப் படுப்பவர் முழங்கால்களுக்கு நடுவிலும், மல்லாந்து படுப்பவர் முழங்காலுக்கு அடியிலும் ஒன்றை வைத்துக்கொண்டால் கீழ்முதுகின் இழுப்பு தளரும்.

கடைக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டும். காலணியைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படி உறங்குவார்களோ அப்படியே கால் மணி நேரமாவது படுத்திருக்க வேண்டும். கூச்சப்பட்டு விளிம்பில் உட்கார்ந்து கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை. விற்பனையாளரை அனுப்பிவிட்டு அமைதியாகப் படுங்கள். ஒருவர் புரளும்போது மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு கவனிக்கட்டும்.

எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் கடையின் கால் மணி நேரம் வீட்டின் ஓர் இரவாகாது. அதனால் திருப்பித் தரும் ஏற்பாடுள்ள இடத்தில் வாங்குவதை நான் பெரிதாக மதிக்கிறேன். நூறு இரவுவரை படுத்துப் பார்க்க விடும் விற்பனையாளர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பணமாகத் திரும்புமா அல்லது வேறு மெத்தைதான் கிடைக்குமா, எடுத்துச் செல்லும் கூலி யாருடையது, கறை பட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பத்தாண்டு உத்தரவாதம் என்பது வசதியாக உறங்குவீர்கள் என்ற வாக்குறுதி இல்லை. பெரும்பாலும் குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் குழி விழுந்தால்தான் அது செல்லும். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் சட்டம்’, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைபாடு பொருளைக் கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதி, பழுதுபார்க்கவும் மாற்றித் தரவும் கேட்கும் உரிமையை வாங்கியவருக்குத் தருகிறது. அது நடக்காதபோது விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். சுருள் உடைந்தால் அது பொருந்தும். “எங்களுக்குக் கடினமாக இருக்கிறது” என்பதற்குப் பொருந்தாது. பேச்சில் தீராத வழக்கைச் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடமும், 20,000 வெள்ளிவரையுள்ள கோரிக்கையைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திடமும் கொண்டுபோகலாம்.

பழைய மெத்தையைத் தாழ்வாரத்தில் சாய்த்து வைக்காதீர்கள், அது தீ ஆபத்து. நகர மன்றத்திடமோ மெத்தை கொண்டுவருபவரிடமோ சொல்லி அகற்றிவிடலாம்.

மெத்தை தொடவே முடியாத வலிகளும் உண்டு, அவற்றை இங்கே விட்டுவிட்டால் இந்தக் கட்டுரை தீங்காகிவிடும். எப்படிப் படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்பும் வலி, காரணமில்லாத எடை இழப்பு, காய்ச்சல், முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி, எலும்பு மெலிந்த முதிய பெண்களுக்கு லேசாக விழுந்ததற்கோ குனிந்ததற்கோ திடீரென வரும் கடும் வலி ஆகியவற்றுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் மெத்தைக் கடை இல்லை, பலதுறை மருந்தகம். இளவயதில் தொடங்கி, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறைந்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக நீடிக்கும் வலியையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழப்பது, கால் வலுவிழப்பது என்றால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு, அதாவது முதுகுவலிக்காரர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு, படுக்கை சிறு பங்குதான். படுத்தே கிடப்பதும் உதவாது. 1995-ல் ஹெல்சிங்கியில் செய்த சோதனையில், திடீர் முதுகுவலி வந்தவர்களில் இரண்டு நாள் படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட, தாங்குமளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்த்தவர்களே விரைவில் தேறினார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் நெடுநாள் வலிக்கு உடற்பயிற்சித் திட்டத்தைப் பரிந்துரைத்து, இடுப்புப் பட்டை வேண்டாம் என்றது. 2024-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. முதுகுவலி வந்து குணமான 701 பேரில், இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர இடைநிலைக் கணக்கில் 208 நாளானது. மற்றவர்களுக்கு 112 நாள். நடந்தவர்களுக்கு வைக்கப்பட்ட இலக்கு, வாரத்தில் ஐந்து முறை அரை மணி நேர நடை.

ஆங் மோ கியோக்காரர்களுக்கு அதற்கு இடம் பக்கத்திலேயே இருக்கிறது. கான்கிரீட் கால்வாயாக ஓடிய காலாங் ஆற்றை வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012-ல் திறந்த பீஷான்-ஆங் மோ கியோ பூங்காவில் பாதை சமதளமானது, உட்கார இருக்கைகள் உண்டு. மெத்தைக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை இருவருக்கும் நல்ல நடைக் காலணிக்கும் இயன்முறை மருத்துவரைச் சில முறை பார்ப்பதற்கும் மாற்றி வைக்கலாம் என்பது என் யோசனை.

அந்த நடை விடிந்ததும் இருக்கட்டும், ஆனால் குனியும் வேலை பிறகு இருக்கட்டும். இரவில் நீர் ஏறிய வட்டு காலையில் உப்பலாக இருப்பதால், வளைவதைத் தாங்கும் திறன் அப்போது குறைவு. 1998-ல் ஸ்டோவர் ஸ்னூக்கும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், எழுந்ததிலிருந்து முதல் இரண்டு மணி நேரம் முன்குனிவதைத் தவிர்த்த நெடுநாள் நோயாளிகளுக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஆகவே எழும்போது பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுந்திருங்கள். போர்வை மடிப்பது, விரிப்பைச் செருகுவது, துணி வாளியைத் தூக்குவது எல்லாம் பசியாறிய பிறகு ஆகட்டும்.